சொப்பில் ஏறும் வண்ணம்

நுழையும்முன்

குழந்தை தன் கைக்குக் கிடைக்கும் பொருளை முதலில் வாயில் வைத்தே அறிகிறது. ஆதலால், விளையாட்டுப் பொருளில் பூசப்படும் வண்ணம் கண்ணோடு நின்றுவிடுவதில்லை; உடலுக்குள்ளும் செல்கிறது. மரத்தைக் கடைந்து, அரக்கில் தாவரச் சாயம் கலந்து மெருகேற்றும் கைவினைக்கு இவ்வுண்மை இன்று புதிய பொருளைத் தந்திருக்கிறது. அக்கைவினையைக் காப்பதற்குப் பாராட்டுரைகள் போதுமா, வேறு ஏதேனும் வேண்டுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஊர்ப்பெயர்கள் காத்த வரலாறு

வடசென்னை என்றதும் துறைமுகத்தின் பளுதூக்கிகளும், சரக்குப் பெட்டகங்களைச் சுமந்து செல்லும் நெடிய ஊர்திகளும், எண்ணூரின் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் நினைவுக்கு வருகின்றன. இந்நிலப்பகுதிக்கு வேறொரு வரலாறும் உண்டு. அதனை ஊர்ப்பெயர்கள் காத்து வைத்திருக்கின்றன. ராயபுரத்தை அடுத்த வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கும்பினியார் ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்த பேட்டை. திருவொற்றியூரின் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக ஏற்படுத்திய குடியிருப்பு. காலெட்பேட்டை என்பதே மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று.

சோழமண்டலக் கடற்கரைத் துணிகளை அந்நாளில் உலகம் விரும்பி வாங்கியதற்கு அவற்றின் நெசவோடு, துவைத்தாலும் மங்காத வண்ணமும் காரணமாகும். கடலோர மணற்பாங்கான நிலத்தில் விளைந்த சாயவேர் சிவப்பைத் தந்தது. அவுரி நீலத்தைத் தந்தது. கடுக்காய் சாயம் துணியில் பற்றி நிற்பதற்குத் துணை செய்தது. எனவே, தாவரச் சாயம் பற்றிய பேச்சு இன்றைய தொழிற்சாலைப் பகுதியாகிய வடசென்னைக்கு அயலானதன்று. இம்மண்ணில் தறிகளும் சாயமும் தழைத்திருந்த காலம் ஒன்று இருந்தது.

அக்காலம் எவ்வாறு முடிந்தது என்பதை அறிவதற்கு 1856ஆம் ஆண்டைக் கருதலாம். அவ்வாண்டு ஜூலை முதல் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில் இலண்டனில் வில்லியம் ஹென்றி பெர்கின் என்னும் பதினெட்டு வயது மாணவர், மலேரியாவுக்கான கொய்னா மருந்தைச் செயற்கையாக ஆக்க முயன்றபோது, நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருளிலிருந்து ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டறிந்தார். 1869இல் சிவப்புச் சாயத்தின் அடிப்படைப் பொருளாகிய அலிசரின் ஆய்வகத்திலிருந்து வெளிவந்து சாயவேரின் இடத்தைப் பிடித்தது. 1897இல் ஜெர்மனியின் தொழிற்சாலை நீலம் சந்தைக்கு வந்து அவுரி வயல்களை வீழ்த்தியது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில், பல நூற்றாண்டுகளாக வளர்ந்த வேளாண்மையும் அறிவும் மதிப்பிழந்தன.

துணிக்கு நேர்ந்தது பின்னர் மரப் பொம்மைக்கும் நேர்ந்தது. இதற்காகக் கைவினைஞர்களைக் குறைகூற இயலாது. தாவரச் சாயத்தை வேரிலிருந்தோ விதையிலிருந்தோ பிரித்தெடுக்கப் பல நாள்கள் ஆகும். ஒருமுறை வந்த நிறம் மறுமுறை அப்படியே வராது. கடையில் கிடைத்த வண்ணப் பொடியோ மலிவானது; ஒளி மிக்கது; ஒரே சீரானது. அன்றன்றைய உழைப்பால் அன்றன்றைய உணவைத் தேடுவோர் எதனைத் தேர்ந்தெடுப்பர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசலும் அரக்கும்

தமிழரின் குழந்தை வளர்ப்பில் மரப் பொம்மைக்கு நெடுங்கால இடமுண்டு. பிள்ளைத்தமிழின் ஆண்பாற் பருவங்களுள் சிறுதேர் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. நடைவண்டி, பம்பரம், கிலுகிலுப்பை, மரப்பாச்சி, சொப்பு எனப் பொம்மைகளின் பெயர்கள் நம் மொழியில் நிறைந்திருக்கின்றன. தாமிரபரணிக் கரையில் உள்ள அம்பாசமுத்திரம் இன்றும் மரச் சொப்புகளுக்குப் பெயர் பெற்ற ஊர்.

இத்தொழிலின் உயிர்நிலை கடைசல். திருவொற்றியூர்ப் பகுதியில் இரும்பைக் கடையும் லேத் பட்டறைகளைக் கண்டவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. இரும்புக்கு மாற்றாக இங்கே மரம் சுழல்கிறது. கைவினைஞர் உளியைப் பிடித்து அதனை உருவாக்குகிறார். பானையோ, பந்தோ, பம்பரமோ உருப்பெற்ற பின்னர், வண்ணம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துகிறார். உராய்வினால் பிறக்கும் வெப்பத்தில் அரக்கு இளகி மரத்தின்மேல் மெல்லிய படலமாகப் படர்கிறது. பின்னர்த் தாழை மடலை அதன்மேல் அழுத்தித் தேய்க்க, படலம் சமனாகி மெருகு பெறுகிறது. தூரிகையும் இல்லை; வண்ணத்தைக் கரைக்கும் எண்ணெயும் இல்லை; உலரும்வரை காத்திருத்தலும் இல்லை.

கர்நாடகத்தின் சன்னபட்டணத்திலும், ஆந்திரத்தின் அனகாப்பள்ளி மாவட்டத்தில் வராக நதிக்கரையில் உள்ள ஏட்டிக்கொப்பாக்காவிலும் இதே தொழில்நுட்பம் செழித்திருக்கிறது. ஈரூர்களிலும் பெரிதும் பயன்படும் மரம், நாம் வெட்பாலை என்று அழைக்கும் மென்மரம். ஏட்டிக்கொப்பாக்காவில் செயற்கை வண்ணங்கள் பரவியிருந்த காலத்தில், அவ்வூரைச் சேர்ந்த சி. வி. ராஜு கைவினைஞர்களோடு சேர்ந்து தாவரச் சாயங்களை மீண்டும் அரக்கில் ஏற்றும் முறைகளை ஆராய்ந்தார். மறந்துபோன அறிவை நினைவுபடுத்திக்கொள்வதோடு அம்முயற்சி நிற்கவில்லை. எந்தச் சாயம் அரக்கின் வெப்பத்தைத் தாங்கும், எது நிறம் மாறும் என்பன போன்றவற்றையெல்லாம் புதிதாகக் கண்டறிய வேண்டியிருந்தது. ஏட்டிக்கொப்பாக்கா பொம்மைகளுக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023இல் ராஜுவுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இந்நிகழ்வு நமக்கு உணர்த்தும் செய்தி ஒன்றுண்டு. மரபு என்பது முன்னோர் விட்டுச்சென்றதை அப்படியே பெட்டியில் பூட்டி வைப்பதன்று. தவறிய இடத்தில் திருத்திக்கொண்டு, புதிய கேள்விக்குப் புதிய விடை தேடுவதே மரபை உயிரோடு வைத்திருக்கும் வழி.

தெரிந்து தெளிவோம்

அரக்கு என்பது சிறு பூச்சிகள் சில மரங்களின் கிளைகளில் தங்கி, சாற்றை உறிஞ்சிச் சுரக்கும் பிசின். புரசு, இலந்தை முதலிய மரங்களில் அரக்குப் பூச்சி வளர்கிறது. சென்னையின் புரசைவாக்கம் இப்புரச மரத்தால் பெயர் பெற்றது. இந்தியாவில் அரக்கு உற்பத்தியில் ஜார்க்கண்ட் மாநிலம் முன்னிற்கிறது. அரக்கிலிருந்து பிசினோடு சிவப்புச் சாயமும் கிடைக்கிறது.

வண்ணத்தில் மறைந்த ஈயம்

பொம்மையின் நிறத்தைப் பற்றி இவ்வளவு கவலை கொள்ள வேண்டுமா என்று சிலர் கருதலாம். கண்ணைக் கவரும் மஞ்சள், செம்மஞ்சள் வண்ணப் பொடிகள் சிலவற்றில் ஈயச் சேர்மங்கள் உண்டு. அவை குழந்தையின் உமிழ்நீர் வழியாக உடலில் சேரும்போது வளரும் மூளையைத் தாக்குகின்றன. குழந்தைகளின் உடல், பெரியவர்களின் உடலைக் காட்டிலும் நான்கைந்து மடங்கு மிகுதியாக ஈயத்தை ஈர்த்துக்கொள்கிறது. ஈயத்தைப் பொறுத்தவரை தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. உலகக் குழந்தைகளுள் ஏறத்தாழ மூவரில் ஒருவரின் குருதியில் கவலைக்குரிய அளவில் ஈயம் இருப்பதாக யுனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. இந்தியாவில் மட்டும் அந்த எண்ணிக்கை 27 கோடிக்கு மேல். பழைய மின்கலங்களை உருக்குதல், வண்ணப்பூச்சு, கலப்படம் எனக் காரணங்கள் பல. பொம்மை அவற்றுள் ஒன்றுதான். ஆயினும், குழந்தையின் வாய்க்கு மிக அருகில் இருப்பது அதுவே.

பெரிய தொழிற்சாலையில் செய்யப்பட்டதாலேயே ஒரு பொருள் பாதுகாப்பானதாகிவிடாது. 2007இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மேட்டல் நிறுவனம், வண்ணத்தில் ஈயம் மிகுந்திருந்ததனால் இலட்சக்கணக்கான பொம்மைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. நம் நாட்டில் 2019இல் இந்தியத் தர மன்றம் சோதித்த இறக்குமதிப் பொம்மை மாதிரிகளுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு பாதுகாப்புச் சோதனைகளில் தோற்றன. துறைமுகத்தின் வழியே வந்திறங்கும் பெட்டகத்தை வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு உள்ளிருக்கும் வண்ணத்தின் தன்மை தெரியாது.

இந்நிலையில் நடுவண் அரசு, பொம்மைகள் தரக்கட்டுப்பாட்டு ஆணையைப் பிறப்பித்தது. 2021 ஜனவரி முதல் நாளிலிருந்து, இந்தியாவில் விற்கும் பொம்மைகள் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்பது நடைமுறைக்கு வந்தது. இது வரவேற்கத்தக்க நடவடிக்கை.

இயற்கை என்னும் சொல் போதுமா?

அவ்வாணையில் ஒரு விலக்கும் உண்டு. கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் முத்திரைக் கட்டாயம் இல்லை. ஒரே கடைசலில் ஒரு திங்களில் பல வகைப் பொருள்களைச் செய்யும் சிறு பட்டறைக்கு, வகைதோறும் சான்றிதழ் பெறும் செலவு தாங்க முடியாத சுமை. எனவே, விலக்கு அளித்ததன் நோக்கம் நல்லது. ஆனால், அதன் விளைவு கைவினைஞர்க்கு நன்மை தருமா என்பது ஐயத்திற்குரியது.

சான்றிதழின் செலவிலிருந்து விலக்குத் தருவது வேறு. சோதனையிலிருந்தே விலக்குத் தருவது வேறு. குழந்தையின் உடல், கையால் பூசிய ஈயத்திற்கும் பொறியால் பூசிய ஈயத்திற்கும் வேற்றுமை அறியாது. கைவினைப் பொருள் என்ற பெயரில் மலிவான வண்ணப் பொடியைப் பூசி விற்பவரும், பல நாள் உழைத்துத் தாவரச் சாயம் எடுப்பவரும் இன்று ஒரே வரிசையில் நிற்கின்றனர். வாங்குபவருக்கு இருவரையும் பிரித்தறிய வழியில்லை. உண்மையாக உழைப்பவருக்கே இதனால் இழப்பு.

இயற்கை என்னும் சொல்லும் சான்றாகாது. தாவரச் சாயத்தை நிலைநிறுத்துவதற்குச் சில இடங்களில் செம்பு, குரோமிய உப்புகளைச் சேர்க்கும் வழக்கமும் உண்டு. சாயம் செடியிலிருந்து வந்தது என்பதனாலேயே அதனோடு சேர்ந்தவை எல்லாம் தீங்கற்றவை ஆகிவிடா. மரபுப் பொருள்மீது நமக்குள்ள அன்பு, அதனைச் சோதிக்கத் தயங்கச் செய்யக்கூடாது. சோதனையில் வென்ற பொருளுக்கே நம்பிக்கை நிலைக்கும்.

இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. அரக்கு மெருகிட்ட பொம்மையில் உள்ள வண்ணம் முழுவதும் அரக்குக் குச்சியிலிருந்தே வருகிறது. ஆகவே, நூறு வகைப் பொம்மைகளைத் தனித்தனியே சோதிப்பதற்கு மாறாக, அவற்றுக்கு வண்ணம் தரும் ஐந்தாறு அரக்குக் குச்சிகளைச் சோதித்தால் போதும். கைவினைஞர்கள் வாழும் ஊரிலேயே பொதுப்பட்டறை ஒன்றை அமைத்து, சோதித்த வண்ண அரக்கை அங்கே ஆக்கி, அடக்க விலையில் வழங்கலாம். அம்பாசமுத்திரத்துக் கைவினைஞர் தம் பொருளின் தரத்தை மெய்ப்பிப்பதற்கு அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சென்னைக்கு வர வேண்டியதில்லை. சோதனைச் செலவை அரசு ஏற்பது சலுகையாகாது. குழந்தைகளின் உடல்நலத்திற்கு இடும் முதலீடாகும்.

யார் வாங்குவது?

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழுகிறது. கடைசல் பொம்மையின் விலை மிகுதி; காசிமேட்டிலும் எர்ணாவூரிலும் நாள்கூலியில் வாழும் குடும்பங்கள் அதனை வாங்க இயலுமா? திருவிழாக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் நெகிழிப் பொம்மையும் ஒரு குழந்தைக்கு மகிழ்ச்சி தருகிறதே. அதனைப் பழிப்பது வசதி படைத்தோரின் பேச்சாகாதா?

இம்மறுப்பைத் தள்ளிவிட முடியாது. நஞ்சில்லாப் பொம்மை, பணம் உடையவர்களின் வரவேற்பறை அழகுப்பொருளாக மட்டும் நிற்குமானால், அக்கைவினை பிழைத்தும் பயனில்லை. பாதுகாப்பு என்பது விலை கொடுக்க இயன்றவர்க்கு மட்டும் கிடைக்கும் பண்டமாக இருத்தல் கூடாது. அதே வேளையில், மலிவு என்பதன் பொருளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இதனை எண்ணூர்க் கழிமுகம் வடசென்னை மக்களுக்கு நேரிலே கற்பித்திருக்கிறது. அக்கழிமுகம் பொம்மைகளால் கெட்டதன்று. அனல்மின் நிலையங்களின் சாம்பலும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் பரவிய எண்ணெயும் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் படிந்தன. மீனவர்கள் வலையையும் படகையும் இழந்து தவித்தனர். மின்கட்டணச் சீட்டிலோ எண்ணெயின் விலையிலோ அவ்விழப்பு சேர்க்கப்படவில்லை. ஒரு பொருளின் உண்மையான செலவைப் பொருளை வாங்காத ஒருவர் செலுத்துகிறார் என்றால், அப்பொருள் மலிவானதன்று. அதன் செலவு இடம் மாற்றப்பட்டிருக்கிறது. ஈயம் கலந்த பொம்மையிலும் அவ்வாறே. அதன் மீதி விலையைக் குழந்தை செலுத்துகிறது.

ஆகவே, வழி எது? நூல் நெசவுக்குத் தமிழ்நாடு ஏற்கெனவே ஒரு வழியைக் காட்டியுள்ளது. 1983இல் தொடங்கிய விலையில்லா வேட்டி சேலைத் திட்டம், ஏழைகளுக்கு உடையையும் நெசவாளர்களுக்கு வேலையையும் ஒருசேரத் தந்தது. அதே அறிவைப் பொம்மைக்கும் பயன்படுத்தலாம். தமிழ்நாட்டில் 54,000க்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. ஒவ்வொரு மையத்திற்கும், சோதித்த அரக்கு வண்ணம் ஏற்றிய கடைசல் பொம்மைகள் கொண்ட ஒரு பெட்டியை அரசு ஆண்டுதோறும் வாங்கித் தருமானால் இரண்டு நன்மைகள் விளையும். பொம்மை வாங்க இயலாத வீட்டுக் குழந்தையின் கைக்கும் நஞ்சில்லாப் பொம்மை சென்று சேரும். கைவினைஞருக்கோ, ஆண்டின் தொடக்கத்திலேயே எத்தனை பொருள்கள் வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

கைவினைஞரின் பெரும் துன்பம் வருவாய்க் குறைவு மட்டுமன்று. வருவாயின் உறுதியின்மையும் ஆகும். கண்காட்சி நடக்கும் வாரத்தில் விற்பனை. எஞ்சிய நாள்களில் காத்திருப்பு. இந்நிலையில் எந்தத் தாய் தன் மகளைக் கடைசலில் அமர்த்துவாள்? எந்தத் தந்தை தன் மகனிடம் உளியைக் கொடுப்பார்? பூம்புகார் விற்பனை நிலையங்களும் கண்காட்சிகளும் தேவைதாம். ஆனால், அவை கைவினையை அரிய பொருளாகக் காட்டுகின்றன. அங்கன்வாடிக் கொள்முதல் அதனை அன்றாடப் பொருளாக்கும். அன்றாடம் பயன்படும் பொருளின் தொழிலே அடுத்த தலைமுறைக்குச் செல்லும்.

இத்திட்டத்திற்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. தேவை பெருகினால் மரம் குறையும். வெட்பாலை காட்டிலிருந்து வெட்டுவதற்கு மட்டும் உரியதாக இருந்தால், கைவினையைக் காக்கப் புறப்பட்டவர்கள் காட்டை அழித்தவர்களாக முடிவர். எனவே, கொள்முதல் தொடங்கும்போதே தரிசு நிலங்களிலும் ஊர்ப் புறம்போக்கிலும் வெட்பாலையும் புரசும் நட வேண்டும். ஒரு தொழிலின் வேர் அதன் மரத்தில் இருக்கிறது.

கேட்கும் பழக்கம்

அரசு செய்ய வேண்டியவை ஒருபுறம் இருக்க, மாணவர்களாகிய நாம் செய்யத்தக்கது யாது? கைவினையைப் போற்றுவோம் என்று முழக்கம் எழுதுவதைவிடப் பயனுள்ள செயல் ஒன்றுண்டு. தம்பிக்கோ தங்கைக்கோ ஒரு பொம்மை வாங்கும்போது, "இந்த வண்ணம் எதனால் ஆனது?" என்று கடைக்காரரிடம் கேட்கலாம். முத்திரை இருக்கிறதா எனத் திருப்பிப் பார்க்கலாம். முதலில் கடைக்காரருக்கு விடை தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் அவர் தமக்குப் பொருள் வழங்குபவரிடம் கேட்பார். கேள்வி ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சென்று, இறுதியில் வண்ணம் கலப்பவரிடம் சேரும்.

வேதியியல் பயிலும் மாணவர்க்கு இதில் தனிப் பொறுப்பும் உண்டு. பெர்கின் தம் கண்டுபிடிப்பை நிகழ்த்தியபோது அவருக்கு வயது பதினெட்டு. இப்பாடத்தைப் படிப்பவர்களைவிட ஓரிரு ஆண்டுகளே மூத்தவர். அவர் கண்ட வேதியியலே இன்று ஈயத்தின் அளவைக் கண்டறியவும், அவுரியின் நீலத்தை அரக்கில் நிலைநிறுத்தவும் துணை நிற்கிறது. ஆய்வகமும் கடைசலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. நெசவாளர் வாழ்ந்த காலடிப்பேட்டையும் இரசாயன ஆலைகள் நிறைந்த மணலியும் அடுத்தடுத்து அமைந்த இந்நிலப்பகுதியில் வளரும் ஒருவருக்கு, இரண்டையும் இணைத்து எண்ணுவது மற்றவர்களைவிட எளிது.

கைவினையின்மீது நாம் கொள்ளும் மதிப்பு இரக்கமாக இருத்தல் வேண்டா. இரங்கி வாங்குபவர் ஒருமுறை வாங்குவார். நம்பி வாங்குபவர் மீண்டும் வருவார். சோதனையும் கொள்முதலும் அந்நம்பிக்கையை வளர்க்கும். அவை இரண்டும் கிடைக்குமானால், வண்ணம் எதனால் ஆனது என்று கேட்பவருக்கு, மஞ்சளும் அவுரியும் அரக்கும் என்று கைவினைஞர் தயங்காமல் விடை கூறுவார்.